வீணை பிரீ-ஆம்ப்புக்கு மைனஸ் 5 வோல்ட்

கட்டுரையாளருக்கு வணக்கம். பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டிய பிரீ-ஆம்ப்புக்கு (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்), 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டரால் பாதியாக்கி ±2.5 எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் கட்டுரையில் சொல்கிறீர்கள். பிரீ-ஆம்ப்பில் சிக்னலைப் பெருக்கும் டிஎல்072 மாதிரி ஐசிக்கு அது பத்தாது. ஒரு பக்கம் லோடு கூடினால், பூஜ்யமாக வைத்துக்கொள்ளும் நடுப்புள்ளியும் நகர்ந்துவிடும்.

தஞ்சாவூரில் வீணைகளுக்கு கான்டாக்ட் மைக்கும் (உடலில் ஒட்டி அதிர்வை எடுக்கும் மைக்) பிரீ-ஆம்ப்பும் பொருத்திக் கொடுக்கிறேன். மைனஸ் வோல்டேஜுக்கு ஐசிஎல்7660 என்ற ஐசிதான் சரி. ஒரு கெபாசிட்டரை 5 வோல்ட்டுக்கு ஏற்றி, அதன் முனைகளைத் தலைகீழாக மாற்றி அடுத்த கெபாசிட்டரில் இறக்கும். மைனஸ் 5 வந்துவிடும். வெளியே வேண்டியது இரண்டு 10 மைக்ரோஃபாரட், அவ்வளவுதான். காயில் கிடையாது.

ஆனால் அது கெபாசிட்டரை மாற்றி மாற்றி இணைக்கும் வேகம் சில கிலோஹெர்ட்ஸ்தான். அது காதுக்குக் கேட்கும். தம்புரா மட்டும் ஒலிக்கும்போது ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி வந்தால், திருவையாற்று ஆராதனைக்கு வருகிற ரசிகர்கள் உடனே திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அதே ஐசியின் 7660எஸ் வகையை வாங்கி, அதன் 1ஆம் காலை (பின்) பிளஸ் சப்ளையோடு சேருங்கள். வேகம் ஏறி, கேட்கும் எல்லையின் மேல்விளிம்புக்குப் போய்விடும். மைனஸ் லைனில் 47 ஓம், 100 மைக்ரோஃபாரட் ஃபில்டரும் போடுங்கள்.

இந்த 5 வோல்ட்டுக்கு பவர் பேங்க் வேண்டாம். சில மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் பலவும் தானாக அணைந்துவிடும், அதுவும் கச்சேரி நடுவில்! நான்கு ரீசார்ஜ் செல் போதும். ஸ்பீக்கர் ஆம்ப்பை மட்டும் இந்த மைனஸ் லைனில் ஓட்டாதீர்கள். 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே மைனஸ் பக்கம் சுமார் ஒரு வோல்ட் குறைந்துவிடும்.