"ஆச்சி இன்னுமா அழுகுறாக?"

போன வாரம் பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் காதோடு கேட்டார். ஆச்சி என்று அவர் சொன்னது என் ஆத்தாளை. அப்பச்சி, அதாவது என் அப்பா, தவறி எட்டு மாதம் ஆகிறது. கேட்டவர் நல்ல மனிதர்தான். ஆனால் கேட்ட தொனி, கெடு தாண்டியும் கரண்டு பில் கட்டாத வீட்டை விசாரிப்பது போல இருந்தது. கூடவே யோசனையும் சொன்னார்: வீட்டைப் பூட்டு, ஆத்தாளைச் சென்னைக்குக் கூட்டிப் போ, நல்ல சீரியலாகப் போட்டு விடு, மறந்துவிடுவாக.

பக்கத்து இலையில் இருந்த இளவட்டம், "துக்கத்துக்கு அஞ்சு கட்டம்ணே, ஒவ்வொண்ணா தாண்டணும்" என்றான். அந்த ஐந்தும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதியவை: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. அவர் உட்கார்ந்து பேசியது சாவை எதிர்பார்த்திருந்த நோயாளிகளிடம். அதைத்தான் பிறகு, பறிகொடுத்தவர்களுக்கும் அளவுச்சட்டையாக மாட்டிவிட்டார்கள். துக்கம் என்ன, அஞ்சாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளையா?

நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. மனசு கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாடப் பாட்டின் பக்கம் வரும், அப்படிப் போய்ப் போய் வருவதுதான் இயல்பு என்றார்கள். ஆத்தாள் காலையில் அழுவாள். பத்து மணிக்குக் கீரைக்காரியிடம் ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவாள். இரண்டும் நிஜம்.

அப்பச்சி தினமும் ராத்திரி வளவில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். மேலே பிள்ளையார் சுழி, கீழே வரவு, பற்று. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு முந்தின நாளோடு அவர் கையெழுத்து பாதிப் பக்கத்தில் நிற்கிறது. ஒருநாள் எதற்கோ நோட்டைப் புரட்டினேன். அதற்குக் கீழேயே, வேறு மையில், பின்பக்கம் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: பால், பூ, பேப்பர்காரன் பாக்கி. ஆத்தாள் அதுவரை கணக்கு எழுதியதே கிடையாது. கூட்டிப் பார்த்தேன், பன்னிரண்டு ரூபாய் இடித்தது. சொன்னேன். "அவுக இருந்தா அந்தப் பன்னெண்டு ரூவாயைக் கண்டுபிடிக்காமத் தூங்க மாட்டாக" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள்.

இந்த வீட்டைத்தான் பூட்டச் சொல்கிறார்கள்.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது நம் வழக்கம். கேதம் கேட்க வந்த பலர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கருமாதிக்குப் பிறகு எட்டிப் பார்க்கவே இல்லை. அயித்தை ஒருத்திதான் வாரம் தவறாமல் வருகிறாள். ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்வதில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டு, "அண்ணன் ஈப்போக் கடையில இருந்தப்ப என்னமோ சொல்லுவாகளே?" என்று எடுத்துக் கொடுப்பாள். நாற்பதாவது தடவையாக ஆத்தாள் அந்தக் கதையைச் சொல்வாள். அயித்தைக்கும் மனப்பாடம்தான்.

இத்தனைக்கும் நாம் படைப்பு வைக்கிற ஆட்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சமைத்து, புது வேட்டி சேலை வைத்துக் கும்பிட்டு, பங்காளி எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறோம். பேரனுக்கு ஐயா பெயரை வைக்கிறோம். மறக்கக் கூடாது என்று இவ்வளவு ஏற்பாடு வைத்திருக்கிற ஊர், எட்டே மாதத்தில் ஒரு பொம்பளையை மறக்கச் சொல்கிறது.

அதற்காக எல்லா அழுகையையும் அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. சோறு தண்ணி இறங்காமல், எழுந்து நடமாட முடியாமல், தானும் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தால் நாள் கணக்குப் பார்க்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர். நீடித்த துக்கத்தை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022-இல் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். அவர்களே வயது வந்தவர்களுக்கு ஒரு வருஷமாவது போகட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். நம் சொந்தக்காரருக்கு எட்டு மாதமே அதிகமாகத் தெரிகிறது.

நேற்று ராத்திரி ஆத்தாள் போன் பண்ணினாள். நோட்டில் இன்னும் நாலு தாள்தான் இருக்கிறதாம். அடுத்த தடவை வரும்போது காரைக்குடியில் இறங்கி அதே சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கி வர வேண்டுமாம். "கோடு போட்டதாப் பாத்து வாங்கு. எனக்கு நேரா எழுத வர மாட்டேங்குது."