ஆயா புத்தகத்தின் ஓரத்தில் எழுதியது

போன வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஆயா (பாட்டி) வீட்டு அலமாரியை ஒழித்தோம். "இந்தப் பழசெல்லாம் இனி யார் படிக்கப் போறா, தூக்கிப் போடு"ன்னு சித்தி சொன்னாங்க. எனக்கு மனசு வரவில்லை. மூன்று புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாவது, அட்டை கிழிந்த பள்ளிக்கூட மனையியல் பாடநூல். செம்புப் பாத்திரத்தை வினிகரும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறது. அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, ஓரத்தில் தமிழில் 'புளி போதும்' என்று ஆயா எழுதியிருக்கிறார். களிம்பை எடுப்பது புளிப்புத்தான், அது வினிகரில் இருந்தால் என்ன, புளியில் இருந்தால் என்ன! பாடநூலையே திருத்திய ஆயாவை நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

அடுத்தது 'இந்தியன் டிலைட்ஸ்' என்ற சமையல் புத்தகம். டர்பன் மகளிர் பண்பாட்டுக் குழு 1961இல் வெளியிட்டது, ஸுலைகா மாயத் தொகுத்தது. விற்ற பணம் மாணவர்களின் படிப்புக்குப் போனது. பிரியாணிப் பக்கத்தில் மஞ்சள் படிந்த கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. கைப்பிடி, கண்ணளவு என்று இருந்த சமையலைக் கப்பிலும் ஸ்பூனிலும் அளந்து எழுதி வைக்காமல் போயிருந்தால், அந்தக் கைகளோடு எல்லாமே போயிருக்கும்.

மூன்றாவது இங்கிலாந்துக்காரி இசபெல்லா பீட்டன் எழுதிய குடும்ப நிர்வாகப் புத்தகம். முதலில் வந்தது 1861இல், எழுதிய அம்மாள் 28 வயதிலேயே போய்விட்டார். வீட்டு வேலைக்காரர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து இங்கே நேட்டாலுக்கு, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய நம் ஆட்களைக் கொண்டுவந்த காலம் அது. அந்தப் புத்தகத்தில் எஜமானி பக்கம் நம்முடையதல்ல, வேலைக்காரப் பக்கம்தான் நம்முடையது. ஆயாவின் அம்மா தோட்டத்துத் துரை வீட்டில் துணி துவைத்தவர்.

அதற்காகப் புத்தகத்தை எறிய மாட்டேன். கஞ்சி போடுவதும், கறை எடுப்பதும், விருந்தாளியை உட்கார வைப்பதும் கற்றுத் தேற வேண்டிய வேலைகள் என்று இந்தப் புத்தகங்கள் மதித்து எழுதின. இன்றைக்கும் பல வீடுகளில் "அம்மா சும்மாதான் இருக்காங்க" என்கிறார்களே, அவர்கள் இதைப் படிக்கட்டும். கணவன் வருமுன் முகம் கழுவிப் பூ வைத்துக்கொள் என்கிற பாடம் மட்டும் எனக்கு வேண்டாம். என் மகளுக்கும் சொல்லித் தர மாட்டேன்.

நேற்றுப் பூஜைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் ஓரத்தில் யாராவது எழுதி வைத்த புத்தகம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள்.