"எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்" என்று எழுதும் விமர்சகர்களுக்கு

புதுப் படம் வந்த அன்று மாலை பத்து விமர்சனத்தைத் திறந்து கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். "ஒளிப்பதிவு படத்துக்குப் பெரிய பலம். பின்னணி இசை சில இடங்களில் இரைச்சல். இரண்டாம் பாதியில் எடிட்டர் கத்தரி போட்டிருக்கலாம்." படத்தின் பெயரை மாற்றிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையும் இதையே போடலாம். சிலர் போடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நம் விமர்சகர்களுக்கு எங்கே வலிக்கிறது என்பது பெரும்பாலும் சரியாகவே தெரிகிறது. ஏன் வலிக்கிறது என்பதில்தான் தவறுகிறார்கள். போரடித்தால் எடிட்டர், காது வலித்தால் மியூசிக் டைரக்டர், வாயசைவு பொருந்தவில்லை என்றால் டப்பிங் என்று முதலில் கைக்குச் சிக்குகிற ஆள் மீது பழி விழுகிறது.

எடிட்டிங்கை எடுத்துக்கொள்வோம். படம் மூன்று மணி நேரம் ஓடுவதை எடிட்டர் தனியாக முடிவு செய்வதில்லை. எந்தக் காட்சி இருக்கும், எது போகும் என்பதில் கடைசி வார்த்தை இயக்குநருடையது. பெரிய படம் என்றால் தயாரிப்பாளரும் ஹீரோவும் சேர்ந்துகொள்வார்கள். எடிட்டரின் கை தெரிவது காட்சிக்குள்ளே: யார் முகத்தில் வெட்டுகிறார், பதில் வசனத்துக்கு முன் எத்தனை நொடி விடுகிறார், யார் பேசுவதைக் காட்டாமல் யார் கேட்பதைக் காட்டுகிறார். இதைப் பற்றி ஒரு வரி எழுதும் விமர்சனம் அபூர்வம்.

நீளம்தான் நோய் என்றால் வெட்டினால் குணமாக வேண்டும். 'இந்தியன் 2' (ஜூலை 2024) மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் என்று எல்லோரும் எழுதினார்கள். வெளியான சில நாளிலேயே 12 நிமிடம் குறைத்தார்கள். யாருக்காவது படம் பிடித்துப்போனதா? ஹீரோ சேனாபதி ஒரு பக்கம் வர்மக்கலையில் ஆட்களைத் தீர்த்துக்கொண்டிருக்கிறார், இளைஞர்கள் இன்னொரு பக்கம் வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடத்தில் நடப்பது இன்னொரு தடத்தை உடனே தொடுவதில்லை. போதாக்குறைக்கு அடுத்த பாகத்தின் டிரெய்லரை இறுதியில் ஒட்டி, முடிவையும் அங்கே தள்ளிவிட்டார்கள். இது எழுத்து மேசையில் நடந்த கோளாறு. எந்தக் கத்தரியும் அதற்கு மருந்தில்லை.

'மெய்யழகன்' (செப்டம்பர் 2024) கதை வேறு. சுமார் 177 நிமிடம் ஓடிய படத்திலிருந்து, வெளியான பிறகு 18 நிமிடம் 42 நொடி எடுத்தார்கள். வெட்டியது சரியா தவறா என்று அன்றைக்கு இரண்டு கட்சியாகச் சண்டை. ஆனால் எது ஏன் நீளமாகத் தெரிந்தது என்று யாரும் நின்று பார்க்கவில்லை.

அந்தப் படத்தில் கல்யாண மேடைக் காட்சி ஒன்று உண்டு. பல வருடம் கழித்து ஊருக்கு வரும் அருள்மொழி தங்கைக்குக் கொண்டுவந்த பரிசுப் பெட்டியை, அவள் மேடையிலேயே பிரித்து, உள்ளே இருக்கும் நகைகளை ஒவ்வொன்றாக அங்கேயே போட்டுக்கொள்கிறாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அதுவும் நீளமான காட்சிதான். அதை ஒருவரும் நீளம் என்று சொல்லவில்லை. காரணம் எளிது. சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்க்கவே கூசிக்கொண்டு வந்தவன், முகத்தைக் காட்டிவிட்டு இரவு பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவன் இப்போது என்ன ஆவான் என்ற கேள்வி நமக்கு உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு நகையும் அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது.

அதன் பிறகு படம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடுகிறது: அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்ளும் இந்த ஆள் யார், இவன் பெயர் என்ன? சாப்பாடு, சைக்கிள், ராத்திரி உட்கார்ந்து குடித்துக்கொண்டே பேசுவது என எல்லாம் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன. பெயர் தெரியாத வெட்கம் அருள்மொழியைத் தின்றுகொண்டே இருக்கிறது. வரலாறு, அரசியல் என்று பேச்சு நீளும் இடத்தில் அந்தக் கேள்வி காத்திருக்க வேண்டியிருக்கிறது. பேசப்படும் விஷயம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஓடிக்கொண்டிருந்த கேள்வி அங்கே நின்றுவிடுகிறது, பார்ப்பவர் மொபைலை எடுத்துவிடுகிறார். "இரண்டாம் பாதி லேக்" என்று நாம் எழுதுவது பெரும்பாலும் இதைத்தான். நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, எந்தக் காட்சியில் கேள்வி அறுந்தது என்று தேடினால் விமர்சனத்தில் ஒரு உருப்படியான வரி கிடைக்கும்.

வெளியான பிறகு வெட்டுவது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், "எடுத்துவிட வேண்டியதுதானே" என்று சுலபமாக எழுதுகிறார்களே! வெட்டியதைச் சென்சாருக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும். தியேட்டர்களுக்கு மாற்று ஃபைல் போக வேண்டும். பழைய ஃபைலையே வைத்துக்கொண்டு, மாறிய பகுதிக்கு மட்டும் சின்ன ஃபைல் அனுப்பி, எதை எந்த வரிசையில் ஓட்டுவது என்ற பட்டியலை மாற்றினால் போதும் என்பதால் இது இப்போது வேகமாக நடக்கிறது. ஆனால் பின்னணி இசை ஏற்கெனவே படத்தின் நீளத்துக்கு அளந்து போட்டது. காட்சியின் நடுவில் நாற்பது நொடியை உருவினால் வயலின் ஏறிக்கொண்டிருக்கும்போதே அறுந்துபோகும். அதனால் வெளியான பிறகு வெட்டுபவர்கள் பெரும்பாலும் முழுக் காட்சியாகத் தூக்குகிறார்கள், காட்சிக்குள்ளே இறுக்குவதில்லை. தளர்வாக இருந்த காட்சி அப்படியே தளர்வாக இருக்க, பக்கத்தில் இருந்தது காணாமல் போகும். 'ட்ரிம் செய்த வெர்ஷன்' பல சமயம் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் காட்டாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடுத்தது சத்தம்.

'கங்குவா' (நவம்பர் 2024) வந்தபோது விமர்சகர்கள் ஒரே குரலில் காது வலிக்கிறது என்றார்கள். புகார் நியாயமானது. வால்யூமை இரண்டு பாயின்ட் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களிடம் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளரே சொன்னார். ஆனால் விமர்சனங்கள் பாதி தேவி ஸ்ரீ பிரசாத்தைத் திட்டி முடித்துவிட்டன. மியூசிக் டைரக்டர் தருவது தனித்தனி டிராக்குகள். டிரம்ஸ் எவ்வளவு, கோரஸ் எவ்வளவு, வாள் மோதும் சத்தம் எவ்வளவு, வசனம் எவ்வளவு என்பது ஃபைனல் மிக்ஸில் முடிவாகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மிக்ஸிங் இன்ஜினியரும் இயக்குநரும். "இன்னும் ஏத்துங்க" என்று சொல்லும் குரல் பெரும்பாலும் பின் ஸீட்டிலிருந்து வரும். கடைசி நேரத்துத் திருத்தங்களும் சத்தப் போட்டியும் சேர்ந்து இந்தத் தொழிலை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன என்று ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி அந்த நாள்களில் வருத்தப்பட்டு எழுதியதும் இதைச் சுற்றித்தான்.

அந்த இரண்டு பாயின்ட் என்றால் என்ன? தியேட்டரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியான டால்பி ப்ராசஸரின் குமிழ் 0 முதல் 10 வரை போகும். 7 தான் அளவுகோல். மிக்ஸிங் தியேட்டரிலும் 7, படம் ஓடும் தியேட்டரிலும் 7 என்றால் இரண்டு இடத்திலும் ஒரே சத்தம் கேட்க வேண்டும். திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனைச் சத்தத்துக்கு 85 டெசிபல் தரும்படி அந்த 7ஐ அளந்து வைப்பார்கள். 4க்கு மேலே ஒரு பாயின்ட் என்பது ஏறத்தாழ 3.3 டெசிபல். இரண்டு பாயின்ட் குறைத்தால் ஆறரை டெசிபலுக்கு மேல் போகும், காதுக்கு நன்றாகவே தெரியும்.

சிக்கல் என்னவென்றால் குமிழைக் குறைத்தால் எல்லாம் சேர்ந்து குறையும். கத்தலும் குறையும், முணுமுணுப்பும் குறையும். படம் முழுக்க கத்தல்தான் என்றால் பரவாயில்லை, நடுவில் மெதுவாகப் பேசும் இரண்டு காட்சியில் வசனமே கேட்காது. இது பழக்கமாகிவிட்டால் இன்னொரு கூத்தும் நடக்கும். ஆடியன்ஸ் புகார் செய்கிறார்கள் என்று தியேட்டர்காரர் 5இலேயே வைத்துவிடுவார். அவர் எப்படியும் 5இல்தான் ஓட்டுவார் என்று மிக்ஸ் செய்பவர்கள் இன்னும் ஏற்றி வைப்பார்கள். அடுத்த படம் 5இலேயே காதைக் கிழிக்கும்.

சத்தம் அதிகம் என்பதைவிடச் சத்தத்தில் ஏற்ற இறக்கம் இல்லை என்பதுதான் பெரிய குறை. மௌனமே இல்லாத படத்தில் பத்தாவது நிமிடத்துக்கு மேல் எந்த அடியும் அடியாகக் கேட்காது. விமர்சகர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: இந்தப் படத்தில் அமைதியான ஒரு இடத்தைச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் குறை மிக்ஸிலும் திரைக்கதையிலும் இருக்கிறது. முடிகிறது, ஆனால் அங்கே வசனம் புரியவில்லை என்றால் வசனம் வரும் நடு ஸ்பீக்கரை, தியேட்டரைச் சந்தேகப்படுங்கள். அதே ஸ்கிரீனில் போன வாரப் படத்திலும் புரியவில்லையா என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 'கொட்டுக்காளி' (ஆகஸ்ட் 2024). பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவும் பைக்கும் போகிற சத்தம், சேவல், காற்று, சொந்தக்காரர்களின் புலம்பல், அவ்வளவுதான். "ஸ்லோ" என்று ஒரே வார்த்தையில் முடித்தவர்கள் நிறைய. மெதுவாகப் போகிறது என்பது உண்மை, ஆனால் அது பலமா பலவீனமா என்பதைக் காட்சியை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒரு குடும்பம் ஆட்டோவிலும் பைக்கிலும் போகிற வழியில் ஒரு மாடு பாதையை மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்களும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இசை போட்டிருந்தால் இது காமெடியா சோகமா என்று அதுவே சொல்லிக்கொடுத்திருக்கும். வெறுமனே காத்திருக்க வைத்ததால்தான் அந்த ஆண்களின் வீறாப்பு எவ்வளவு வெற்று என்பது நமக்கே உறைக்கிறது. இந்த இடத்தில் மெதுவாகப் போவது பலம். அதே படத்தில் சொந்தக்காரர்களின் பேச்சு சில இடங்களில் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது, அங்கே அது பலவீனம். ஒரே படத்துக்குள் இரண்டும் இருக்கலாம். ஸ்டார் கொடுக்கும் முறையில்தான் இதற்கு இடமில்லை, கூட்டிக் கழித்து இரண்டே முக்கால் போட்டுவிடுவார்கள். அந்தக் கால் ஸ்டார் எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

லிப் சிங்க் பற்றிச் சுருக்கமாக. வாயசைவு பொருந்தாததற்கு டப்பிங் கலைஞர் காரணமாக இருப்பது குறைவு. ஷூட்டிங் முடிந்து எடிட்டில் வசனத்தையே மாற்றி எழுதினால் வாய் ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். சென்சார் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாலும் இதேதான். படம் முழுக்கத் தெரிந்தால் முதல் வகை, இரண்டு இடத்தில் மட்டும் என்றால் இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாராட்டும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. "வாழ்ந்திருக்கிறார்" என்ற சொல்லை ஒரு வருடத்துக்குத் தடை செய்தால் பல விமர்சனங்கள் பாதியாகிவிடும். 'லப்பர் பந்து' வந்தபோது விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டர் அதிர்ந்தது என்று எழுதினார்கள். அதிர்ந்தது உண்மைதான். ஆனால் 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' அங்கே செய்யும் வேலை வேறு. கெத்து என்ற ஆளின் வயது, அவர் இளமை எந்தக் காலத்தில் நின்றுவிட்டது, ஊரில் அவருக்கு இருக்கும் மவுசு, இது மூன்றையும் ஒரு வரி வசனம் இல்லாமல் அந்தப் பாட்டு சொல்லிவிடுகிறது. மற்ற படங்களில் பழைய பாட்டு கைதட்டலுக்காக வந்து போகும், இங்கே பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. இந்த வித்தியாசத்தை எழுதாததால்தான் அடுத்த ஆறு படத்தில் காரணமே இல்லாமல் பழைய பாட்டு வருகிறது.

கடைசியாக, 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று கேட்டார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை. தராதது சரி. டிக்கெட் வாங்கியவன் வாயைக் கட்ட முடியாது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை ஒன்பது மணிக்கு, கேரளாவில் அதற்கு முன்பே ஓடிவிடுகிறது. இங்கே டைட்டில் ஓடும்போதே அங்கிருந்து 'முதல் பாதி' விமர்சனம் வந்து விழுகிறது. இடைவேளையில் கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு எழுதுவதில் நான் மேலே சொன்ன எதுவும் இருக்காது, அதற்கு நேரமும் கிடையாது. அதைப் படித்து டிக்கெட்டை ரத்து செய்பவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் எழுதுபவருக்கு அந்த அவசரம் இல்லை. அவரும் "கத்தரி போட்டிருக்கலாம்" என்று எழுதினால், எந்தக் காட்சி என்று கமென்ட்டில் கேளுங்கள்.