மெதுவான பாட்டு கேட்டால் வயசாகிவிட்டதா?

சனிக்கிழமை நண்பர்கள் கூடிப் பாட்டு கேட்டபோது என் கல்லூரி நண்பன் ஒருவன் என் ரசனையைக் கேலி செய்ததும், அதைக் காணொளியாகப் போட்டதும் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் காணொளிக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். முழுக்கதையையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. ராக் குழுவான டீப் பர்பிள் 1972இல் ஜப்பானில் வாசித்த நேரலைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்ததும் ஃபோக் பாடகர் நிக் டிரேக்கின் பாட்டைப் போடலாமா என்று கேட்டேன்; ஃபோக் என்றால் மேற்கத்திய நாட்டார் மரபில் வந்த இசை. "இவனுக்கு வயசாயிடுச்சுடா, இனிமே ராக் எல்லாம் தாங்காது" என்றான் அந்த நண்பன். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஃபோக் கேட்பது வயதானதால் அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நான் போடச் சொன்னது யாருடைய இசை? நிக் டிரேக் தன் மூன்றாவது, கடைசி இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது அவருக்கு 23 வயது. 1974இல், 26 வயதில் இறந்தே போனார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கில ஃபோக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 மே மாதம் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளானதில் டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லேம்பிள் இறந்தார். அவருக்கு வயது 19. பிழைத்தவர்கள் அதே ஆண்டில் பழைய நாட்டார் கதைப்பாடல்களைக் கையில் எடுத்து 'லீஜ் அண்ட் லீஃப்' தட்டை உருவாக்கினார்கள். கிட்டார் வாசித்த ரிச்சர்ட் தாம்சனுக்கு அப்போது இருபது வயது. இதைத்தான் கிழவர்கள் கேட்கும் இசை என்கிறீர்கள். மறுபக்கம், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் 2024இல் எண்பது வயதில் மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நீல் யங் 78 வயதில் கிரேஸி ஹார்ஸ் என்ற ராக் குழுவோடு காது கிழிய வாசித்தார். வயதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றால் கணக்கு உங்களுக்கு எதிராகத்தான் வரும். நான் அப்படிப் பிரிக்கவில்லை. இரண்டும் எனக்கு வேண்டும்.

என் ரசனை மாறியது உண்மைதான். எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அந்த நண்பனுக்கும் பங்கு உண்டு. கல்லூரி நாட்களில் எனக்கு லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் மூன்றாவது தட்டைக் கேசட்டில் பதிவுசெய்து தந்தவன் அவன்தான். தட்டின் முதல் பக்கத்தை மட்டும் பதிவுசெய்துவிட்டு, கேசட்டின் மிச்ச இடத்தில் வேறு குழுக்களின் அதிரடிப் பாட்டுகளை நிரப்பியிருந்தான். "அந்தப் பக்கம் போர்டா" என்றான். நானும் நம்பினேன். அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தை நான் முழுதாகக் கேட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1970இல் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பேஜும் பாடகர் பிளான்ட்டும் வேல்ஸில் மின்சாரம் இல்லாத ஒரு குடிலில் போய்த் தங்கியிருந்தார்கள். அந்த நாட்களின் சாயல் படிந்த, மின்கிட்டார் அதிரடி இல்லாத அக்கூஸ்டிக் பாட்டுகள்தான் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும். அதே மனிதர்கள், அதே விரல்கள், அதே தொண்டை. அடுத்த ஆண்டு வந்த நான்காவது தட்டில் பிளான்ட்டோடு சேர்ந்து ஒரு பெண் பாடுகிறாரே, அவர் சாண்டி டென்னி. ஃபேர்போர்ட் கன்வென்ஷனில் பாடியவர். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஃபோக்குக்குள் போனேன். ராக்கை விட்டு வெளியே வந்தவன் இல்லை நான். ராக் கேட்டவன் அதிலேயே இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன், அவ்வளவுதான்.

"காது மந்தமாகியிருக்கும், சத்தம் பிடிக்காமல் போயிருக்கும்" என்று காணொளியின் கீழே ஒருவர் ரொம்ப அக்கறையோடு எழுதியிருந்தார். வயதாகும்போது பொதுவாக முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். அதாவது கம்பியின் மேல் நகம் படும் ஓசை, பாடகியின் மூச்சு, சகர உச்சரிப்பு. டிரம்ஸும் பேஸும் கடைசிவரை கேட்கும். காதுதான் காரணம் என்றால் நான் ஃபோக்கை விட்டு ஓடியிருக்க வேண்டும்.

"மென்மையான இசை, மனசு அமைதியைத் தேடுது" என்பவர்களுக்கு இன்னும் கோபமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது. 'லீஜ் அண்ட் லீஃப்' தட்டில் எட்டு நிமிடத்துக்கு ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு பிரபு தன் மனைவியையும் அவளுடைய காதலனையும் வாளால் கொல்கிற கதை. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்க அறிஞர் தொகுத்த 305 கதைப்பாடல்களில் ஒன்று அது. அவற்றில் எத்தனை கொலை, எத்தனை துரோகம்! அமைதி தேடி அங்கே போனவர் யாரும் நிம்மதியாகத் திரும்ப முடியாது. கேட்டுப் பார்க்காமலே மென்மை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

வேலைச் சோர்வு என்றார் இன்னொருவர். இருக்கலாம். அதற்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.

"அந்தக் கோபம் போயிடுச்சு, அதான்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் வலித்தது. கோபம் எங்கேயும் போகவில்லை. இருபது வயதில் எதன் மேல் கோபம் என்றே தெரியாது, அதனால் சத்தம் போதுமாக இருந்தது. இப்போது எதன் மேல் என்று தெரியும். அதைச் சொல்ல வார்த்தை வேண்டியிருக்கிறது. பாடகி ஜோனி மிட்செல் தன் இருபதுகளின் தொடக்கத்தில் எழுதிய ஒரு பாட்டை 1969 தட்டில் உயர்ந்த, தெளிவான குரலில் பாடியிருப்பார். அதே பாட்டை 2000இல், 56 வயதில், பெரிய வாத்தியக் குழுவோடு திரும்பப் பாடினார். குரல் கீழே இறங்கிக் கரகரத்துவிட்டது. பாட்டு அதேதான், ஆனால் வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று பாடும்போது இந்த முறை நம்ப முடிகிறது. இதைக் கேட்டவர் யாராவது வயதானால் ரசனை சுருங்கும் என்று சொல்வார்களா?

அக்கா இறந்த வாரம் நான் கேட்டது அந்த 2000ஆம் ஆண்டுப் பதிவைத்தான். அந்த வாரம் டிரம்ஸ் சத்தம் வந்தாலே நெஞ்சு அடைத்தது. அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஒன்றும் பேசாமல், முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வைத்தவனும் அவன்தான். இதெல்லாம் தெரிந்த ஒருவன் அத்தனை பேர் முன்னால் "தாங்காது" என்று எப்படிச் சொன்னான்? எதைத் தாங்கினேன் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒரு கேலியை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். இருபது வயதில் கேட்டதையே அறுபதிலும் கேட்டால் தேங்கிப்போனவன், வேறொன்றைக் கேட்டால் ஓய்ந்துபோனவன். வயதானவன் எதைக் கேட்டாலும் அதற்கு வயதுதான் காரணம் என்றால் அவன் காதுக்கும் மனசுக்கும் என்ன மரியாதை?

டேய், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அந்தக் காணொளியை எடுத்துவிடு. கேசட்டில் விட்டுப்போன பக்கத்தை ஒரு நாள் உட்கார்ந்து முழுதாகக் கேள், அப்புறம் வா, பேசலாம். மற்றவர்கள் கீழே எழுதுவதாக இருந்தால் பாட்டைப் பற்றி எழுதுங்கள். என் வயதைப் பற்றி எழுதினால் நீக்கிவிடுவேன்.