செப்டம்பர் 26-க்கு மண்டபம் கிடைச்சிருக்கு

(மெல்போர்னின் தென்கிழக்கே மூராபின். ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் (AFL) ஆடும் செயின்ட் கில்டா அணி பயிற்சி எடுக்கும் மைதானத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அந்த அணியின் ரசிகர்கள் வீடு. 2026 பிப்ரவரி கடைசி வாரம். சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர். பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. பேரனுக்குப் பத்தொன்பது.)

பேரன்: பாட்டி, நல்ல சேதி! அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் கிடைச்சிருச்சு. செப்டம்பர் 26, சனிக்கிழமை.

பாட்டி: எந்த வருஷம்?

பேரன்: இந்த வருஷம்தான்.

பாட்டி: அடடா. அன்னிக்கு எனக்கு வேலை இருக்கேடா.

பேரன்: உங்களுக்கென்ன வேலை? (காலண்டரைப் புரட்டுகிறான்) ஓ, சிவப்பு வட்டம். கிராண்ட் ஃபைனல், லீக் கோப்பைக்கான கடைசி ஆட்டம். சரி, அடுத்த சனிக்கிழமை மாத்திக்கலாம். அக்டோபர் 3... இதுக்கும் எதுக்குப் பென்சில் வட்டம்?

பாட்டி: டிரா ஆனா மறு வாரம் திரும்ப ஆடணும்ல? 2010-ல ஆடலையா?

பேரன்: அந்த விதியை 2016-லயே எடுத்துட்டாங்க. இப்ப சமமா முடிஞ்சா அன்னிக்கே கூடுதல் நேரம் ஆடி முடிச்சிருவாங்க.

பாட்டி: விதியை எடுத்துட்டாங்க, சரி. நம்ம தலைவிதியை எடுத்தாங்களா?

பேரன்: அதெல்லாம் நாம ஃபைனலுக்குப் போனாத்தானே பாட்டி. போவோமா?

பாட்டி: எங்க போறது! வாய்ப்பே இல்ல.

பேரன்: பின்ன எதுக்கு ரெண்டு வட்டம்?

பாட்டி: ஒரு துக்கம்னா பெரியவங்க பக்கத்துல இருக்கணும்டா.

பேரன்: நீங்க நல்லா பேசுவீங்க. இருங்க, டீ போடுறேன். கரண்டி எங்க வெச்சிருக்கீங்க?

பாட்டி: நம்ம டீமுக்கா கரண்டிப் பஞ்சம்? கடைசி இடம் வந்தவனுக்கு மரக்கரண்டின்னு பேரு. நாம அதை 27 தடவை வாங்கியிருக்கோம். கோப்பை ஒண்ணே ஒண்ணு, 1966. ஒரு கோப்பைக்கு 27 கரண்டி வெச்சிருக்கிற வீடு மெல்போர்ன்ல நம்ம வீடு ஒண்ணுதான்.

பேரன்: நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் பாட்டி. போன வருஷம் 23 ஆட்டத்துல நாம ஜெயிச்சது 9. பன்னிரண்டாவது இடம்.

பாட்டி: கார்ல்டனுக்கும் 9, போர்ட் அடிலெய்டுக்கும் 9. அவங்க பதினொண்ணு, நாம பன்னிரண்டு, போர்ட் பதிமூணு.

பேரன்: ஆமா, ஜெயிச்சா 4 பாயிண்ட், டிரான்னா 2. பாயிண்ட் சமமா வந்தா சதவீதம் பார்ப்பாங்க. நாம அடிச்ச ஸ்கோரை வாங்கின ஸ்கோரால வகுத்து, நூறால பெருக்கணும்.

பாட்டி: அதனாலதான் சொல்றேன், தோக்குறதுன்னா அளவாத் தோக்கணும். அஞ்சு வாரம் ஒரு பாயிண்ட், ரெண்டு பாயிண்ட்ல ஜெயிச்சிட்டு ஆறாவது வாரம் 80-ல தோத்தா, ஜெயிச்ச அஞ்சும் சதவீதத்துல காணாமப் போயிடும்.

பேரன்: கேளுங்க. இந்த வருஷத்துல இருந்து முதல் எட்டு டீம் மட்டும் இல்ல, பத்து டீம் இறுதிச் சுற்றுக்குள்ள போகலாம். ஏழாவதும் பத்தாவதும் மோதணும், எட்டாவதும் ஒன்பதாவதும் மோதணும். அதுக்கு வைல்டு கார்டுன்னு பேர்.

பாட்டி: போன வருஷம் பத்தாவது யாரு?

பேரன்: சிட்னி. 12 ஜெயிச்சாங்க. நம்ம 9-ஐ 12 ஆக்கினாப் போதும். மூணே மூணு ஆட்டம் பாட்டி!

பாட்டி: அதே வருஷம் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 14 ஜெயிச்சும் ஒன்பதாவதுதான் வந்தாங்க. அது உன் கணக்குல வரலையா?

பேரன்: அதை நான் சேர்க்கல.

பாட்டி: சேர்க்க மாட்ட. சரி, பத்தாவதா நுழைஞ்சுட்டோம்னு வெச்சுக்க. கோப்பைக்கு எத்தனை ஜெயிக்கணும்?

பேரன்: வைல்டு கார்டு, எலிமினேஷன், செமி, பிரிலிமினரி, கிராண்ட். அஞ்சு.

பாட்டி: தொடர்ச்சியா?

பேரன்: தொடர்ச்சியா.

பாட்டி: 1897-ல லீக் ஆரம்பிச்சப்ப நாமளும் ஒரு தொடர்ச்சி காட்டினோம். முதல் 48 ஆட்டமும் தோல்வி. மூணு முழு வருஷம்.

பேரன்: நாப்பத்தொன்பதாவது ஜெயிச்சோம்ல!

பாட்டி: அது எப்படின்னு தெரியுமா? 1900, முதல் ரவுண்டு, மெல்போர்ன் அணியோட. சமமாத்தான் முடிஞ்சது. நடுவுல மணி அடிச்ச பிறகு மெல்போர்ன் எடுத்த ஒரு பாயிண்டையும் கணக்குல சேர்த்துட்டாங்கன்னு நம்மாளுங்க மனு போட்டாங்க. அந்த ஒத்தைப் பாயிண்டைக் கழிச்சு நமக்கு வெற்றின்னு சொன்னாங்க. கால்ல ஜெயிக்கல, காகிதத்துல ஜெயிச்சோம்.

பேரன்: வெற்றி வெற்றிதானே.

பாட்டி: அந்தக் கடனை வட்டியோட வசூல் பண்ணிட்டாங்க. 2006, லான்செஸ்டன், ஃப்ரீமான்டிலோட. ஒரு பாயிண்ட் பின்தங்கி இருந்தோம். சைரன் அடிச்சிருச்சு, நடுவர் காதுல விழல. ஆட்டம் ஓடிக்கிட்டே இருந்தது. ஒரு பாயிண்ட் எடுத்து டிரா ஆக்கினோம். சில நாள் கழிச்சு லீக்ல கூடிப் பேசி, சைரனோட ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்லி ஃப்ரீமான்டிலுக்கு வெற்றியைக் கொடுத்துட்டாங்க. மணி கொடுத்ததை சைரன் பிடுங்கிருச்சு.

பேரன்: பழசை விடுங்க பாட்டி. புதுசா நாலு பேர் வந்திருக்காங்க. கார்ல்டன்ல இருந்து டாம் டி கோனிங், ஜாக் சில்வாக்னி...

பாட்டி: கார்ல்டன் பதினொண்ணாவது. பதினொண்ணாவது வந்தவன்கிட்ட ஆள் வாங்கி, பன்னிரண்டாவது வந்தவன் முதல்ல வருவானா?

பேரன்: சில்வாக்னி வீட்டுல தாத்தா, அப்பா, மகன்னு மூணு தலைமுறையும் கார்ல்டன். அங்கிருந்தே ஒருத்தர் இங்க வந்திருக்கார்னா...

பாட்டி: நம்ம வீட்டுலயும் மூணு தலைமுறை. எவனாவது கட்சி மாறினானா? மாற விட்டாத்தானே. சரி, சொல்லு.

பேரன்: கோல்டு கோஸ்ட்ல இருந்து சாம் ஃபிளாண்டர்ஸ். வெஸ்ட் கோஸ்ட்ல இருந்து லியாம் ரையன். அவர் 2018-ல கோப்பை ஜெயிச்ச டீம்ல ஆடினவர்.

பாட்டி: அந்தப் பதக்கத்தை நம்ம பசங்களுக்குக் காட்டச் சொல்லு. எப்படி இருக்கும்னாவது பார்த்துக்கட்டும்.

பேரன்: டி கோனிங் விஷயம்தான் முக்கியம். இது வரைக்கும் நடுவர் நடு வட்டத்துல பந்தைத் தரையில குத்தி எழுப்புவார். பந்து எந்தப் பக்கம் சாயும்னு யாருக்கும் தெரியாது. இந்த வருஷத்துல இருந்து குத்துறது கிடையாது, நேரா மேல தூக்கிப் போடுவாங்க. ரெண்டு டீம் ரக்கும், அதாவது அந்தப் பந்துக்கு எம்புற உயரமான ஆளும், நடுக்கோட்டைத் தாண்டிப் போய் முன்கூட்டியே மல்லுக்கட்டக் கூடாது. ஓடி வந்து எம்பணும். தள்ளுறவனை விட தாவுறவனுக்கு லாபம். டி கோனிங் தாவுறவர்!

பாட்டி: அது சரியான கணக்குதான். ஒத்துக்கிறேன். ஆனா நம்மகிட்ட ரோவன் மார்ஷல்னு ஏற்கனவே ஒரு ரக் இருக்காரே?

பேரன்: ரெண்டு பேரையும் ஆட வைக்கலாம். ஒருத்தர் நடுவுல, ஒருத்தர் முன்னால.

பாட்டி: இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறது. முன்னால நிக்கிற உயரமானவன் பந்தைப் பிடிச்சா நல்லது. பிடிக்கலைன்னா அது தரையில விழும். குனிஞ்சு எடுக்கணும். அவன் குனியறதுக்குள்ள எதிராளி எடுத்துக்கிட்டு ஓட ஆரம்பிச்சிருவான். துரத்த நம்மகிட்ட வேகமா ஓடுற குட்டை ஆள் ஒருத்தன் குறைவா இருப்பான். அப்ப எண்ணிப் பாரு, இருபது விநாடியில பந்து நம்ம கோல்ல இருக்கும்.

பேரன்: பெஞ்சுல இப்ப அஞ்சு பேர் பாட்டி. மாற்று ஆள்ங்கிற சப் முறையை எடுத்துட்டாங்க. 18 பேர் உள்ள, 5 பேர் வெளிய. ஒரு ரக்கை அடிக்கடி உட்கார வைக்கலாம்.

பாட்டி: ஆட்டத்துக்கு 75 தடவைதான் ஆள் மாத்தலாம். அதை ரக்குக்கே செலவழிச்சா, கடைசிக் கால் மணி நேரத்துல நடுக்கள ஆளுங்க நாக்குத் தள்ளி நிப்பாங்க. இன்னொரு புது விதியும் இருக்கே, கோட்டுக்கு வெளிய அடிக்கிறது?

பேரன்: ஆமா. ரெண்டு பக்கமும் கோல்ல இருந்து 50 மீட்டர்ல வளைவு போட்டிருக்கும். அந்த ரெண்டு வளைவுக்கும் நடுவுல, உதைச்சோ கையால தட்டியோ பந்து யார் மேலயும் படாம வெளிய போனா எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

பாட்டி: போச்சு. ஓரமாத் தள்ளி மூச்சு வாங்குறதும் போச்சு. நம்ம பயிற்சியாளர் ராஸ் லையனுக்கு அதுதான் சொத்து.

பேரன்: அவரைச் சொல்லாதீங்க. எத்தனை பேருக்கு நாலு கிராண்ட் ஃபைனல் அனுபவம் இருக்கு? 2009, 2010-ல ரெண்டு, அப்புறம் ஃப்ரீமான்டிலோட 2013.

பாட்டி: மூணு தோல்வி, ஒரு டிரா. அந்த டிராவை மனசுல வெச்சுத்தான் அக்டோபருக்கும் வட்டம் போட்டேன். அந்தப் பென்சிலை எடு. ஒண்ணு எழுதிக் காட்டுறேன், வயிறு எரியும். 2009-ல ஜீலாங் 12.8, நாம 9.14.

பேரன்: 12 கோல், 8 பிஹைண்ட். நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையில போனா கோல், ஆறு பாயிண்ட். ஓரக் கம்பத்துப் பக்கம் போனா பிஹைண்ட், ஒண்ணு. அவங்க 80, நாம 68.

பாட்டி: கம்பத்துப் பக்கம் அடிச்சது அவங்க 20 தடவை. நாம 23 தடவை. அதிகமா அடிச்சவன் தோத்துட்டான். நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையில போகாம, ஓரத்துல பதினாலு. இப்ப 2010 எழுது. காலிங்வுட் எவ்வளவு?

பேரன்: 9.14. அறுபத்தெட்டு... பாட்டி! இது அதே ஸ்கோர்!

பாட்டி: அதே ஒன்பது, அதே பதினாலு. நாம 10.8, அதுவும் 68. அந்த எண் நமக்கு வந்தா தோல்வி. காலிங்வுட்டுக்கு வந்தா டிரா, மறு வாரம் 108-க்கு 52-ன்னு நம்மளை அடிச்சுக் கோப்பை. எண் ஜோசியம் பார்க்கிறவன்கிட்ட இதைக் காட்டினா தொழிலை விட்டுட்டு ஓடிருவான்.

பேரன்: அந்த டிரா ஆட்டத்துல கடைசிப் பந்து மட்டும் நம்ம ஸ்டீபன் மில்ன் பக்கமாத் துள்ளியிருந்தா...

பாட்டி: துள்ளல. பந்து உருண்டையா இருந்தா எந்தப் பக்கம் துள்ளும்னு கேட்கலாம். அது முட்டை. நம்ம லென்னி ஹேய்ஸ் அடிச்சது தரையில பட்டு, மில்னை விட்டு விலகி, தானா ஓரக் கம்பத்துப் பக்கம் போய் ஒரு பாயிண்ட் ஆச்சு. அதுலதான் டிரா. 1966-லயும் பேரி பிரீன் அடிச்சது கோல் இல்ல, தள்ளாடித் தள்ளாடிப் போன ஒரு பாயிண்ட். அதுல ஜெயிச்சோம், காலிங்வுட்டை, 74-க்கு 73. நம்ம குலமே ஒத்தைப் பாயிண்ட்ல வாழுற குலம்.

பேரன்: அப்ப போன வருஷம் ஜூலையில மெல்போர்னோட ஆடினது? மூணாவது குவார்ட்டர் முடிவுல 46 பாயிண்ட் பின்னால. லீக் வரலாற்றுலயே அந்த நிலைமையில இருந்து யாரும் மீண்டு வந்ததில்ல!

பாட்டி: (குரல் மாறுகிறது) அது... அது வேற.

பேரன்: 46-ன்னா ஏழு கோலும் நாலு பாயிண்டும். ஒரே குவார்ட்டர்ல. சமமாக்கி, கடைசி சில விநாடி...

பாட்டி: இரு, நான் சொல்றேன். கோல் விழுந்த பிறகு நடுவுல பந்து போடும்போது ரெண்டு டீமும் முன்னால ஆறு, நடுவுல ஆறு, பின்னால ஆறுன்னு நிக்கணும். மெல்போர்ன் ஆள் அடுக்குறதுல தப்புப் பண்ணிட்டாங்க. ஃப்ரீ கிக் மார்ஷலுக்கு. அவர் உள்ள அடிச்சார். நாசையா வாங்கனீன்-மிலேரா எம்பி மார்க் பிடிச்சார். உதைச்ச பந்தைத் தரையில விழாமப் பிடிக்கிறதுதான் மார்க், பிடிச்சவர் தடையில்லாம அடிக்கலாம். சைரன் அடிச்சாச்சு. இந்தத் தடவை எல்லார் காதுலயும் விழுந்தது. அதுக்கப்புறம் அடிச்சார்... நடுக் கம்பத்துக்கு நடுவுல!

பேரன்: பாட்டி, எழுந்து நிக்கிறீங்க.

பாட்டி: கால் மரத்துப் போச்சு, அதான். எதிராளிக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியலைன்னா நாம ஜெயிப்போம்னு தெரியுது. அதை நம்பி ஒரு சீசன் ஓட்ட முடியுமா?

பேரன்: நாசையாவும் வேற ஊருக்குப் போகாம ஒப்பந்தத்தை நீட்டிச்சிட்டார். மேக்ஸ் கிங் முட்டி சரியாகி வந்துட்டா...

பாட்டி: அந்த முட்டியைப் பத்திப் பேசாத. போன சீசன் முழுக்க ஆடல. பேசினா வலிக்கும். அவனுக்கில்ல, எனக்கு.

பேரன்: சரி, அக்காவுக்கு என்ன சொல்லட்டும்? ஆகஸ்ட்ல வைக்கச் சொல்லவா?

பாட்டி: ஆகஸ்ட்ல லீக் ஆட்டம் இருக்கு. அக்டோபர்ல வீரர்களை வாங்கி விக்கிற வாரம். நவம்பர்ல டிராஃப்ட், புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கிறது.

பேரன்: டிசம்பர்?

பாட்டி: டிசம்பர்ல பயிற்சி ஆரம்பிச்சிருப்பாங்க. யாருக்கு முட்டி போச்சுன்னு கேட்டுச் சொல்ல ஆள் வேணும். அதிருக்கட்டும், இந்தத் தேதியைப் பிடிச்சது யாரு? உன் அக்காவுக்குத் தெரியாதா?

பேரன்: மாப்பிள்ளை சொன்ன தேதி.

பாட்டி: அவன் எந்த டீம்?

பேரன்: ...

பாட்டி: வாயைத் திற.

பேரன்: காலிங்வுட்.

பாட்டி: (டீக் கோப்பையை வைத்துவிட்டு, நீண்ட நேரம் யோசித்து) காலிங்வுட்காரன், செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமையை, தானா விட்டுக் கொடுக்கிறானா?

பேரன்: அன்னிக்கு மண்டபத்து வாடகை குறைவாம்.

பாட்டி: வாடகை இல்லடா. அவனுக்கே அவன் டீம் மேல நம்பிக்கை இல்ல. நமக்கு ஒரு எதிரி குறைஞ்சான். உடனே முன்பணம் கட்டச் சொல்லு! அவன் மனசு மாறுறதுக்குள்ள.

பேரன்: நீங்க வரமாட்டேன்னு சொன்னீங்களே?

பாட்டி: ஆட்டம் ரெண்டரை மணிக்குத்தானே? மோதிரம் பத்து மணிக்குள்ள மாத்தியாகணும். பதினொண்ணரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டுக்கு நான் ரயில்ல இருப்பேன்.

பேரன்: அப்ப வரவேற்பை அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 3 வெச்சுக்கச் சொல்றேன். அந்த வட்டத்தை அழிச்சிரட்டா?

பாட்டி: கை வைக்காத.

பேரன்: ரீப்ளே கிடையாது பாட்டி! பத்து வருஷமாச்சு!

பாட்டி: 1900-ல ஆட்டம் முடிஞ்ச பிறகு முடிவை மாத்தினாங்க. 2006-லயும் முடிஞ்ச பிறகுதான் மாத்தினாங்க. அந்த ஒரு வாரம் சும்மா இருக்கட்டும். பேனாவைக் கொடு, பென்சில் வட்டம் மங்கலாத் தெரியுது.