வானத்தில் எதையோ பார்த்தவருக்கு யார் பதில் சொல்வது?

பறக்கும் தட்டு என்று பேச்செடுத்தாலே இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு அரசாங்கம் எல்லாவற்றையும் மறைக்கிறது, இன்னொன்றுக்குப் பார்த்தவர் எல்லாருக்கும் பித்து. விசாரணை எப்படி நடந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் 'புராஜெக்ட் புளூ புக்' 1952 முதல் 1969 வரை நடந்தது. வந்த தகவல்கள் 12,618, அதில் கடைசிவரை அடையாளம் தெரியாதவை 701. எல்லோரும் இந்த 701ஐப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். எனக்கோ மீதி 11,917 மேல்தான் கண். வெள்ளிக் கிரகம், பலூன், விமானம் என்று முடித்தார்கள், பெரும்பாலானவை நிஜமாகவே அப்படித்தான் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1953 ஜனவரியில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ கூட்டிய ராபர்ட்சன் என்ற அறிவியலாளர் குழு, மக்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் ஆர்வத்தையே குறைக்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. ஆர்வத்தைக் குறைப்பது நோக்கமாகிவிட்டால் அப்புறம் விசாரணை என்னத்துக்கு?

1966 மார்ச்சில் மிச்சிகனில் நடந்ததைப் பாருங்கள். போலீஸ்காரர்கள், கல்லூரி மாணவிகள் என்று பலர் வெளிச்சங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். விமானப்படையின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக் போய், பத்திரிகையாளர் கூட்டத்தில் சதுப்பு நில வாயுவாக (அழுகும் செடிகொடிகளிலிருந்து எழுந்து சில சமயம் ஒளிர்வது) இருக்கலாம் என்றார். அவர் அதை ஒரு சாத்தியமாகத்தான் சொன்னார், பத்திரிகைகளுக்கு அது போதும், நாடே சிரித்தது. அந்த மாநிலத்து எம்.பி.யாக இருந்த ஜெரால்டு ஃபோர்டு (ஆமாம், பின்னாளில் அதிபரானவர்தான்) நாடாளுமன்ற விசாரணை கேட்கும் அளவுக்குப் போனது. அவமானப்பட்டது என்னவோ சாட்சி சொன்னவர்கள். அதைப் பார்த்த பிறகு அடுத்த முறை எவர் வாயைத் திறப்பார்?

பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஒரே கேள்விதான் கேட்டது, நாட்டுக்கு ஆபத்தா இல்லையா. இல்லையென்றால் கோப்பை மூடு. 2009இல் இந்தத் தகவல்களைக் கவனித்துவந்த பிரிவையே மூடிவிட்டார்கள். சரி, அதிலாவது ஒரு நேர்மை இருக்கிறது.

எனக்குப் பிடித்தது பிரான்ஸ்தான். 1977இல் விண்வெளி நிறுவனமான சிஎன்இஎஸ்ஸுக்குள்ளேயே, துலூஸில், ஒரு சிறு பிரிவை ஆரம்பித்தார்கள், இப்போது அதன் பெயர் கெய்பான். பொதுமக்கள் சொன்னதை ஜான்டார்ம் காவலர்கள் முறையாக வாக்குமூலமாக எழுதிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எழுத்து கொடுப்பார்கள்: ஏ என்றால் என்னவென்று உறுதியாகத் தெரிந்தது, பி என்றால் அநேகமாகத் தெரிந்தது, சி என்றால் முடிவு சொல்லத் தகவல் போதவில்லை, டி என்றால் நல்ல தகவல் இருந்தும் விளங்கவில்லை. 2007 முதல் பெயர்களை நீக்கிவிட்டு இணையத்திலும் போடுகிறார்கள். இதில் அழகு என்னவென்றால், பழைய டி கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து, விளக்கம் கிடைத்தால் ஏ, பி என்று மாற்றுகிறார்கள். முன்பு தெரியவில்லை என்று எழுதியதில் அவர்களுக்கு வெட்கமும் இல்லை, இப்போது மாற்றி எழுதுவதில் கௌரவக் குறைச்சலும் இல்லை. இதற்கு வேற்றுக்கிரகவாசிகளை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, வெள்ளிக் கிரகத்தைப் பார்த்துப் பயந்தவருக்கும் அது வெள்ளிதான் என்று பக்குவமாகச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்கா 2022இல் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில், இதே விஷயத்தை விசாரிக்க 'ஆரோ' என்ற புது அலுவலகம் திறந்தது. மறு வருஷம், இது தொடர்பான அரசுத் திட்டங்களைப் பற்றித் தகவல் கொடுக்க ஒரு படிவமும் வந்தது. யாருக்குத் தெரியுமா? அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், ஒப்பந்தக்காரர்கள், இந்நாள் முன்னாள் என்று அவர்களுக்கு மட்டும். மொட்டை மாடியில் நின்று பார்த்தவருக்கான வழி பிறகு அறிவிக்கப்படும் என்றார்கள்.