மூணாம் தரம் வராத ஏலம்

நேற்று எங்கள் 'மலிவு வேட்டை' வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கச்சி படம் போட்டாள். புத்தம் புது ஏர் ஃபிரையர், பெட்டிகூட இன்னும் பிரிக்கவில்லை. கீழே ஒரே வரி: "ஆறு வெள்ளி இருபது காசுதான் அக்காமாரே!" (வெள்ளி என்றால் எங்கள் மலேசிய ரிங்கிட்.) அஞ்சு நிமிடத்துக்குள் குழு கொதித்துவிட்டது. எங்கே, எப்படி, லிங்க் போடு, எனக்கும் ஒண்ணு. நான் மட்டும் "வாழ்த்துகள்மா, முழுக்கணக்கையும் போடு" என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவள் குழுவில் வாயே திறக்கவில்லை. ராத்திரி தனியாக ஒரு மெசேஜ் வந்தது: "அக்கா, பொறாமையா?"

கொஞ்சம் இருக்கலாம் தங்கச்சி. எங்கள் வீட்டு ஏர் ஃபிரையரின் கைப்பிடி உடைந்து ஒரு வருடம் ஆகிறது, துணி சுற்றித்தான் இழுக்கிறேன். ஆனால் நான் கணக்குக் கேட்டது அதற்காக இல்லை. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

முதலில் ஒரு விஷயம். தங்கச்சி அதை எடுத்தது இணையத்தில் நடக்கும் 'ஒரு காசு ஏலத்தில்'. அதை நான் 2011இலிருந்து ஆடுகிறேன். பிடித்துத்தான் ஆடுகிறேன். இதைக் 'கூடவே கூடாது' என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

தெரியாதவர்களுக்காக: கோயில் ஏலம் பார்த்திருப்பீர்கள். அம்மனுக்குச் சாத்திய சேலையைத் தலைவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அம்பது வெள்ளி ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுப்பார். மூணாம் தரம் சொல்லப் போகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் "அம்பத்தஞ்சு" என்னும். கடைசியில் சேலை ஒருத்திக்குப் போகும், காசும் அந்த ஒருத்திதான் கொடுப்பாள். சும்மா வாய்விட்டுக் கேட்டதற்காக மற்றவர்களிடம் தலைவர் உண்டியலை நீட்டுவதில்லை. ஒரு காசு ஏலத்தில் நீட்டுவார்கள்.

ஒரு தடவை கேட்க ஒரு 'பிட்' வேண்டும். அந்தப் பிட்டை முன்கூட்டியே காசு கொடுத்துக் கட்டாக வாங்கி வைத்திருக்க வேண்டும். நான் ஆடும் இடத்தில் ஒரு பிட் 50 காசு. பொத்தானை அமுக்கினால் பொருளின் விலை ஒரே ஒரு காசு ஏறும், கடிகாரம் மறுபடி 15 விநாடிக்குப் போகும். 4, 3, 2... உங்கள் பெயர் மேலே பச்சையில் நிற்கும், நெஞ்சு படபடக்கும், அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடிப்பது காதில் விழாது. 1 வருவதற்குள் எவனோ அமுக்குவான். மறுபடி 15. ஒரு தரம், ரெண்டு தரம், ஒரு தரம், ரெண்டு தரம். மூணாம் தரம் வரவே வராது. வரும்போது நீங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருப்பீர்கள். தோற்றால் பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம், ஆனால் போட்ட பிட் போட்டதுதான்.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்தே கடைக் கவுண்டரில் ஒரு காசுக்கு மரியாதை இல்லை. பில்லை அஞ்சு காசுக்கு ஏற்றியோ இறக்கியோ முழுசாக்கி விடுகிறார்கள். கடையில் செத்துப்போன ஒரு காசு இந்த ஏலத்தில்தான் உயிரோடு இருக்கிறது. அதுவும் ஐம்பது காசைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வது இதைத்தான்.

இப்போது தங்கச்சியின் ஏர் ஃபிரையருக்கு வருவோம். 6 வெள்ளி 20 காசில் முடிந்தது என்றால் மொத்தம் 620 தடவை அமுக்கியிருக்கிறார்கள். ஐம்பது காசு வீதம் 310 வெள்ளி. சிலர் இலவசப் பிட்டும் தள்ளுபடிப் பிட்டும் வைத்திருப்பார்கள், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் தனியாகக் கேட்டேன். 140 பிட் போட்டதாகச் சொன்னாள். அது 70 வெள்ளி. விலை 6.20, தபால் 12. ஆக 88 வெள்ளி 20 காசு. கடையில் அதே மாடல் 199. நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு நூறு வெள்ளிக்கு மேல் லாபம். நல்ல வேட்டைதான், மறுக்கவே இல்லை. மிச்சம் 240 வெள்ளி யாருடையது? அந்த 480 பிட்டையும் போட்டு வெறுங்கையோடு படுத்தவர்கள் எந்தக் குழுவிலும் படம் போட மாட்டார்கள். எதைப் படம் எடுப்பது?

என் அண்ணன் மகன் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவன். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) ரோட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னான்: "அத்தை, இது புதுசு இல்ல. 1971லயே மார்ட்டின் ஷூபிக்னு ஒரு பேராசிரியர் எழுதிட்டாரு." ஒரு டாலர் நோட்டை ஏலம் விடுவது, ஜெயித்தவரும் கொடுக்க வேண்டும், இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். அப்படி விதி வைத்தால் ஒரு டாலர் நோட்டு ஒரு டாலருக்கு மேலேயே போய்விடுமாம். முழுக்க நனைந்தபிறகு முக்காடு எதற்கு என்கிற புத்திதான். எனக்கு உடனே வேறொன்று ஞாபகம் வந்தது. அதே 1971இல்தான் நம் நாட்டில் கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. எங்கள் அம்மா அதற்குப் பிறகும் பல வருடம் கூட்டில் இருந்தார் என்பது வேறு கதை. அந்தக் கூட்டில் ஏலமும் உண்டு. அவசரக்காரி தள்ளிக் கேட்டு எடுத்துக்கொண்டால், அவள் தள்ளின காசு மற்றவர்களுக்குப் பங்காக வரும். தோற்றவள் கையிலும் நாலு காசு இருக்கும். கூட்டு கூடாது என்று சட்டம் போட்டவர்கள் இந்த ஒரு காசு ஏலத்தைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

அவன் இன்னொன்றும் சொன்னான். ஜெர்மனியில் 2005இல் டெலிபிட் என்ற பெயரில் ஆரம்பித்து, பிறகு ஸ்வூப்போ என்று பெயர் மாற்றி அமெரிக்கா வரை போன தளம்தான் இந்த ஆட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு போனது. அதில் நடந்த ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை பெர்க்லி பேராசிரியர் நெட் ஆகன்பிளிக் ஆராய்ந்திருக்கிறார். பொருளின் மதிப்பைப்போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்கும் மேல் வசூலாகியிருக்கிறது. அப்படி வசூலித்த ஸ்வூப்போவே 2011இல் திவாலாகி மூடிவிட்டது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. கூட ஆடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ரெண்டு மாதம் ஆடுவார்கள், கையைச் சுட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கடை ஓட வேண்டுமானால் புதுத் தலைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். புதுத் தலையைக் கூட்டி வருவது விளம்பரம் இல்லை. நம் குழுவில் வருகிற "ஆறு வெள்ளி இருபது காசு" படம்தான்.

நானே ஒருத்தியைக் கூட்டி வந்தேன். பினாங்கில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த காலம். பக்கத்து மேசைத் தோழிக்கு ஆசை காட்டிச் சேர்த்துவிட்டேன். ஆள் சேர்த்தால் பத்து பிட் இலவசம், அந்தச் சபலமும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ரைஸ் குக்கர் ஏலம். நான் நுழைந்தபோது விலை ஒரு வெள்ளியைத் தாண்டவில்லை, மூன்றே மூன்று பேர். ஜெலுத்தோங் வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், நான் கூடத்தில் விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து அமுக்குகிறேன். 'பினாங்குப்புலி' என்று ஒரு ஆள் விடாமல் மேலே ஏறுகிறான். நான் அமுக்கினால் அவன், அவன் அமுக்கினால் நான். முக்கால் மணி நேரம். அவன் குடும்பத்தையே இழுத்து மனசுக்குள் திட்டினேன். கடைசியில் தானாகக் கேட்கும் வசதியைப் போட்டுவிட்டுத் தூங்கப்போன மூணாவது ஆள் குக்கரைத் தட்டிக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை கேண்டீனில் தோழி ஆரம்பித்தாள். "ராத்திரி பூரா ஒரு சனியன்டி. மல்லிகை77ன்னு பேரு. விடவே மாட்டேங்குது."

என் வாயில் இருந்த மீ கோரெங் அப்படியே நின்றது. மல்லிகை77 நான்தான்.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். நான் 64 பிட், அவள் 71 பிட். ரெண்டும் சேர்த்து 67 வெள்ளி 50 காசு. அந்தக் குக்கர் கடையில் 65 வெள்ளி. வாங்கிவிட்டு மிச்சத்தில் ஆளுக்கு ஒரு தே தாரிக் குடித்திருக்கலாம். அவள் ஆயர் ஈத்தாமிலும் நான் ஜெலுத்தோங்கிலும் உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி நெரித்திருக்கிறோம்.

அன்றைக்கு விளங்கியதுதான் இன்றுவரை என் கட்சி. மலிவான சரக்கைக் கண்டுபிடித்தால் அதில் பாதி சுகம் நாலு பேருக்குச் சொல்வதில் இருக்கிறது. ஒரு காசு ஏலத்தில் அது முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஏலத்தைத் தோழிக்குச் சொன்னால் தோழியே எதிரி. ஒரு ஆள் கூடினால் ஒரு விரல் கூடும், கடிகாரம் மறுபடி 15. ஜெயித்தபிறகுதான் வாயைத் திறக்க முடியும். அதை எப்படிப் பகிர்வது என்று சொல்வது? பீற்றிக்கொள்வதுதான் அது. நானும் பீற்றியிருக்கிறேன். மறுமாதம் ஒரு பிளெண்டர் 4 வெள்ளி 37 காசுக்கு ஜெயித்து, தெரு முழுக்கச் சொன்னேன். 112 பிட் போட்டதையும் 15 வெள்ளி தபால் கட்டணத்தையும் சொல்லவில்லை. ஆக மொத்தம் 75.37. கொம்தார் பக்கத்துக் கடையில் 79. மிச்சம் 3 வெள்ளி 63 காசு. எங்கள் வீட்டுக்காரர் அதைக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தார், மனிதர்.

சரி, அப்புறம் ஏன் இன்னும் ஆடுகிறாய் என்பீர்கள். ஆட்டம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். மாதம் 20 வெள்ளி, ஒரு சினிமாவுக்குப் போகிற காசு. தீர்ந்தால் அந்த மாதம் முடிந்தது. போன், டேப்லெட் பக்கமே போவதில்லை, அங்கே கூட்டம் எறும்பு மாதிரி. முடிந்துபோன ஏலங்களின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு பொருளும் வழக்கமாக எங்கே நிற்கிறது என்று பிடிபடும். அதற்கு முன்னால் அமுக்குவது வீண். சில தளங்களில் தோற்றவர்கள் போட்ட பிட்டைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டிப் பொருளையே வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் அவர்கள் போட்டிருக்கும் 'கடை விலை' உண்மையான கடை விலைதானா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். நான் ஒரு தடவை பார்க்காமல் விட்டேன், அதை எழுத இங்கே இடம் போதாது.

வேட்டை என்றால் எனக்கு இன்னும் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைதான். ஸ்டேடியம் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்; பழைய ரேடியோ, ஒற்றைச் செருப்பு, ஜப்பான்காரன் காலத்து நோட்டு, துரு ஏறிய ஸ்பேனர், எல்லாம் தரையில் விரித்த தார்ப்பாயில். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு சீன அங்கிளிடம் பித்தளை முறுக்கு அச்சு பார்த்தேன். கறுத்துப் போயிருந்தது, ஆனால் உள்ளே அஞ்சு வில்லையும் இருந்தது. தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன், நட்சத்திரம், ஒற்றை முள். ஒற்றை முள் வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஒரு பல்கூட மழுங்கவில்லை. "பெராப்பா?" முப்பது என்றார். "கூராங் சிக்கிட் லா அங்கிள்." பதினெட்டில் முடிந்தது. அங்கேயே நின்று குழுவில் படம் போட்டேன். அஞ்சு நிமிடத்தில் ஒரு அக்கா, "இன்னொண்ணு இருக்கான்னு கேளு." கேட்டேன். அங்கிள் மூட்டைக்குள் கைவிட்டு ரெண்டு எடுத்தார். மூன்று சேர்த்து வாங்கியதால் ஆளுக்குப் பதினைந்து. ஆள் கூடக் கூட விலை இறங்கியது.

அங்கே விற்கிறவர்கள் மலாயில் 'லெலோங், லெலோங்' என்று கத்துகிறார்களே, அதுவும் நம் 'ஏலம்' என்கிற சொல்லும் போர்த்துக்கீசியக்காரன் விட்டுப்போன ஒரே வார்த்தையின் பிள்ளைகள் என்கிறார்கள். அக்கா தங்கச்சிதான், குணம் மட்டும் வேறு.

அதனால்தான் எங்கள் குழுவில் இனிமேல் ஒரு விதி வைக்கலாம் என்கிறேன். படம் போடுகிறவர் அடியில் முழுக்கணக்கையும் போட வேண்டும். பொருளுக்கு எவ்வளவு, பிட் எவ்வளவு, தபால் எவ்வளவு. லோரோங் கூலிட் என்றால் பார்க்கிங் காசும் சேர்த்து. தோற்றவர்களும் போடலாம், யாரும் சிரிக்கக் கூடாது. தங்கச்சி இன்று காலை தன் படத்தின் கீழே '88.20' என்று திருத்திவிட்டாள், கூடவே ஒரு முறைக்கிற முகமும். பரவாயில்லை. லிங்க் கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி நானும் ஒரு ஃபிளாஸ்க்குக்கு உட்கார்ந்தேன். 9 பிட் போனது, 4 வெள்ளி 50 காசு. பெயர்ப் பட்டியலில் திடீரென்று பினாங்குப்புலி. உடனே போன் போட்டேன்.

"தூங்கலையாடி?"

"நீதானா? கையை எடுடி. நான் எடுக்கிறேன், மாத்தி மாத்தி வச்சுக்கலாம்."

கையை எடுத்தேன். பேச்சுச் சுவாரசியத்தில் அவளும் எடுத்துவிட்டாள் போல. வேறு எவரோ 2 வெள்ளி 11 காசுக்கு அதைக் கொண்டுபோய்விட்டார். நாங்கள் போனை வைக்க மணி ரெண்டு ஆனது.